கடலைத் தூர்த்த கடைத்தெரு

பிள்ளைகளே, மேலூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டு வந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒருவர் பிஜித் தீவிலிருந்து வந்திருந்த இளம் தையல்காரர். மற்றவர், அவர் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்த பெண்ணின் தாய்மாமன். இரண்டு பேர் இடத்தை ஒருவராக நிறைத்து உட்கார்ந்திருந்தார்.

“சுவா பட்டணத்துல எங்க கடைத்தெரு முந்தி கடலு மாமா,” என்றார் தையல்காரர்.

“கடல்லயா கடை வச்சிருக்கீக?”

“இல்ல மாமா. மண்ணைக் கொட்டித் தூத்து, மேல மரத்துல கடை கட்டுனாக. அப்புறம் ஒருநா தெருவே எரிஞ்சுபோச்சு.”

“கடல்மேல கெடக்குற தெரு எப்படித் தம்பி எரியும்?”

“மேலதான மாமா எரிஞ்சுச்சு! திரும்பக் கட்டிட்டாக. துணிக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் இப்ப நம்மாளுகதான்.”

“அங்க தேர் ஓடுமா?”

“தேர் இல்ல மாமா.”

“அப்பறம் எதை நம்புறது? நம்ம மதுரை மாசி வீதியில எம்புட்டுப் பெரிய தேர் போகுது! தரை தாங்கும்னு தெரியும். அங்க எங்க அக்கா மக நடக்கையில மண்ணு உள்வாங்கிருச்சுன்னா? பொண்ணு குடுக்க யோசிக்கணும் தம்பி.”

தையல்காரருக்கு முகம் வாடிவிட்டது. மாமனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்களே வந்து ஒருதரம் நடந்து பாருங்க மாமா. நீங்க நடந்துட்டா, தேர் ஓடுனதுக்குச் சமம்.”

பஸ்ஸே சிரித்தது. மாமன் சிரித்ததில் எங்கள் இருக்கையும் ஆடியது.

“அதுசரி, கப்பல் தாங்குமா மாப்ள?” என்றார்.