இன்னும் இங்கேதான்

மெழுகுதிரியை அணைத்துவிடுங்கள். வெளியே ஆமியின் ரவுண்டப்... வெள்ளவத்தை முழுக்கப் பூட்ஸ் சத்தம். எப்படியும் நமக்கு இன்றைக்குத் தூக்கம் இல்லை. மெதுவாக ஒரு பேய்க்கதை சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற கொட்டாஞ்சேனை ஐறீனைத் தெரியும்தானே. இது அவளுடைய பெரியப்பா கிளெமென்றுக்கு நடந்தது.

அறுபத்திரண்டாம் ஆண்டு. பின்னேரம் ஆறு மணி. பசிபிக் நடுவே தனியாக ஒரு சரக்குக் கப்பல்... கடலிலும் ஆளில்லாத ரோட்டுகள் இருக்கின்றன. கிளெமென்ற் அதில் றேடியோ ஒப்பிசர். ஒரு பிளேன் வந்து தலைக்கு மேலே வட்டமடித்தது. அணுகுண்டு வெடித்துப் பார்க்கப் போகிறார்களாம், எல்லாக் கப்பலும் விலக வேண்டுமாம். கப்டன் திருப்பினான்.

"கடல்லயும் பேயோ? அதுக்கு நீந்தத் தெரியுமோ?"

நாகேந்திரம், வாயை மூடடா.

கடலில் ஒரு வழக்கம். மணிக்கு இரண்டு தடவை, மூன்று நிமிடம், எல்லா றேடியோவும் மௌனமாக இருக்க வேண்டும். யாராவது உதவி கேட்டால் காதில் விழ வேண்டுமே. அந்த மௌனத்தில்தான்... டிக். டிக்டிக். டீ...

குண்டு விழப்போகிற இடத்திலிருந்து மோர்ஸ் தந்தி. "எஞ்சின் நின்றுவிட்டது. இன்னும் இங்கேதான் இருக்கிறோம்."

கிளெமென்றுக்கு அந்தக் கையைத் தெரியும். மோர்ஸ் தட்டுகிற கைக்கும் கையெழுத்து உண்டு. கடைசித் தட்டைக் கொஞ்சம் இழுத்து விடுகிற கை... பீற்றர். வேறொரு கப்பலில் றேடியோ ஒப்பிசர். கிளெமென்றின் தங்கை றோஸியை நத்தார்ப் பண்டிகைக்குக் கட்ட இருந்தவன்.

கப்டனிடம் ஓடினார். கப்டன் பிளேனைக் கேட்டான். கடல் வெறுமை, ஒன்றுமே இல்லை என்றது பிளேன். கிளெமென்ற் கெஞ்சினார், அழுதார். கப்பல் விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

விடியப்புறம் வெடித்தது. மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம். றேடியோ அறையில் கருகிய வயர் வாசம். பிறகு மௌன நேரம் வந்தது...

டிக். டிக்டிக். டீ... அதே கை. அவசரமே இல்லாமல். "இன்னும் இங்கேதான் இருக்கிறோம்."

பீற்றரின் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் வரவில்லை. கிளெமென்ற் றோஸியிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாகக் கிடந்தபோது ஐறீனிடம் மட்டும் சொன்னார், பாவம்.

றோஸி மாமி கல்யாணமே செய்யவில்லை. மோர்ஸ் என்றால் என்னவென்றும் தெரியாது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாள், கொஞ்ச நேரம். பிறகு நிறுத்துவாள். நரம்புத் தளர்ச்சி என்று டொக்டர் குளிசை கொடுத்தார்.

போன கிழமை அவர்கள் வீட்டுக்கும் செக்கிங் வந்தது. முதுகில் றேடியோப் பெட்டியோடு ஒரு சின்ன ஆமிக்காரன். ஐறீனுடைய அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான். மாமியின் விரல்கள்... டிக். டிக்டிக். டீ...

மேசை மேல் குனிந்து காதைக் கொடுத்தான். சிங்களத்தில், மெல்ல, ஐறீனிடம் கேட்டான்.

"அக்கே... இது எந்தக் கப்பல்? ஏன் எங்களை விட்டிட்டுப் போனீங்கள் எண்டு எல்லாரும் கேக்கிறாங்களே..."