ஏப்ரல் கட்டத்தின் மேல் ஒரு தட்டு

— தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்க, அலிஸ்டர். ஏப்ரலும் மேயும் அடியில மறைஞ்சு கிடக்கு.

— சீஸ் ரோல் சூடா இருக்கு, நைரி, ஒண்ணு எடுத்துக்குங்க. பிப்ரவரியிலேருந்து வரிசையாப் போவோம். டிசம்பர், ஜனவரிக் கோடை விடுமுறை முழுக்க உக்காந்து போட்ட ஆண்டுத் திட்டம். அதாவது, நடுவுல இருந்து ஆரம்பிச்சா ஒரு தலைமையாசிரியரோட உழைப்புக்கு மரியாதை இல்ல.

— மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் வாத்தியார் ரெண்டே பேரு. சின்னதுங்களுக்கு நீங்க, பெருசுங்களுக்கு நான். இதுல தலைமை வேறயா? சரி, படிங்க.

— "ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கான ஆண்டுத் திட்டம். கணக்கு, அறிவியல், மொழி, புவியியல், ஓவியம் ஆகிய பாடங்கள் தனித்தனியே நில்லாமல், ஒரே பொருளைச் சுற்றிப் பின்னப்படும். இவ்வாண்டின் பொருள் கடல்."

— தனித்தனியே நில்லாமல். பின்னப்படும். இதை என் பதினாலு பிள்ளைங்ககிட்ட வாசிச்சுக் காட்டினீங்கன்னா பதிமூணு தூங்கிடும்.

— இந்த நடை பள்ளிக் கமிட்டிக்கு. பிள்ளைங்களுக்கு வேலை மட்டும்தான். கவனியுங்க. "பிப்ரவரி, மார்ச்: துறைமுகம். சிப்பிப் படகொன்று எத்தனை மூட்டை ஏற்றினால் எவ்வளவு தாழும் என்பதை மாணவர் நீர்த்தொட்டியில் செய்து அளப்பர். அளந்ததைப் படகோட்டிக்குக் கடிதமாக எழுதுவர்."

— தொட்டி யாரு வீட்டுத் தொட்டி?

— உங்க வீட்டுது. ஆட்டுக்குத் தண்ணி வைப்பீங்களே, அது.

— என்னைக் கேக்காமலே என் தொட்டி திட்டத்துல ஏறிடுச்சா. சரிதான். ஆனா நல்லா இருக்கு, பொய் சொல்லல. எடை, அளவு, கடிதம், எல்லாம் ஒரே வேலையில வந்துடுது. அப்புறம்?

— "ஆகஸ்ட்: தென்காற்று. மாணவர் தாமே காற்றுமானி செய்து..."

— மார்ச்சுக்கு அடுத்தது ஆகஸ்ட்டா? எந்த ஊர் காலண்டர் இது?

— ஏப்ரலும் அதை ஒட்டின மாசங்களும் தட்டுக்குக் கீழ இருக்கு. கடைசியில வருவோம்.

— அலிஸ்டர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போன ஜூலையிலதான் இங்க வந்தீங்க. எங்க ஏப்ரலை நீங்க பார்த்ததே இல்ல. ஒண்ணாந்தேதி டீட்டீப் பறவை பிடிக்கிற பருவம் தொடங்கும். பதினாலுல ஒம்பது பிள்ளைங்க குடும்பத்தோட படகேறித் தீவுக்குப் போயிடும். பறவைக் குஞ்சைப் பொந்துல கை விட்டுப் பிடிச்சு, இறகு பறிச்சு, உப்புப் போட்டு வாளியில அடைச்சு, மே கடைசியிலதான் ஊர் திரும்பும். அந்தக் கட்டத்துல நீங்க கண்காட்சி, பெற்றோர் நாள்னு ஏதாவது போட்டிருந்தா, அஞ்சு பிள்ளைங்களும் ஒரு நாயும்தான் வரும்.

— நாய் யாரோடது?

— தபால்காரரோடது. எதுக்கும் வந்துடும். சிரிக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு அப்படித்தான் போட்டாரு. வருஷா வருஷம் தீவுக்குப் போற பிள்ளைங்களுக்கெல்லாம் "பின்தங்கியுள்ளார்"னு வீட்டுக்குக் கடுதாசி போகும். ரெண்டு மாசப் பாடத்தை ரெண்டு வாரத்துல ஊட்டுறது என் தலையெழுத்து. இந்த வருஷம் அதுல என் பொண்ணு பேரும் இருக்கும்.

— ஹினே போறாளா?

— முதல் தடவையா. பத்து வயசாச்சு, இப்பதான் அவ கை பொந்துக்கு எட்டுது. எங்க அண்ணன் ரவிரி கூட்டிட்டுப் போறான்.

— நீங்க?

— நான் எங்க போறது? அவ கை முதல் பொந்துல நுழையுற நேரத்துல நான் இங்க பலகையில பின்னம் எழுதிக்கிட்டு நிப்பேன்.

— நீங்க கடைசியாப் போனது எப்ப?

— வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின வருஷம். பதினோரு வருஷமாச்சு. தீவுல எங்க குடிசைக்குப் பின்னாடி எங்க அம்மா எனக்குக் காட்டின பொந்து ஒண்ணு இருக்கு. அதை ஹினேவுக்கு நான்தான் காட்டணும்னு இருந்தேன். ரவிரிக்கு அது எதுன்னு தெரியாது. வரைபடம் போட்டுக் குடுடின்னு கேக்கறான்.

— லீவு கேட்டிருக்கலாமே.

— யாருகிட்ட விட்டுட்டுப் போக? மாத்து வாத்தியாருங்க இந்தக் காத்துல ரெண்டு நாள் தங்குறதில்ல. மிச்சம் இருக்கிற அஞ்சும் என் பிள்ளைங்கதானே. அதுங்களை அம்போன்னு விட எனக்கு மனசு வரல. விடுங்க. ஆகஸ்ட்டைப் படிங்க.

— அலமாரியில உங்க பழைய திட்டங்களைப் பார்த்தேன், நைரி. பதினோரு வருஷத்துதும்.

— அந்தக் குப்பையை எதுக்கு நோண்டுனீங்க?

— இங்க என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். எல்லாத்துலயும் ஏப்ரல் கட்டத்துல பென்சில்ல ஒரு வார்த்தை எழுதி, ரப்பர் போட்டு அழிச்சிருக்கு. நீங்க அழுத்தி எழுதுற ஆளு. ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சா தெரியுது. "தீவு." பதினோரு தடவை.

— பரீட்சைப் பேப்பர் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கீங்க.

— தப்புதான்.

— தப்புன்னு நான் சொல்லல. ஒவ்வொரு ஜனவரியிலயும் எழுதுவேன். சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடுவேன். அவ்வளவுதான் சங்கதி.

— நான் இன்னொரு தப்பும் பண்ணேன். ஒம்பது பேருக்கும் அங்கயே போய்ப் பாடம் எடுத்தா என்னன்னு தோணுச்சு. உங்க அண்ணன்கிட்ட, படகுல எனக்கு ஒரு இடம் வேணும்னு கேட்டேன்.

— ஐயய்யோ. என்ன சொன்னான்?

— டீயைச் சட்டையில கொட்டிக்கிட்டார். சிரிச்சு முடிச்சதும், உங்க பாட்டன் பூட்டன் யாருன்னு கேட்டார். ஸ்காட்லாந்துலேருந்து ஆடு மேய்க்க வந்தவங்கன்னேன். அப்ப ஆடு கிடைக்கிற தீவாப் பார்த்துச் சொல்றேன்னார்.

— அவன் அப்படித்தான். ஆனா அவன் சொன்னது சரி. அந்தத் தீவுல பறவைக்குப் போகணும்னா வம்ச உரிமை வேணும். பட்டம் வாங்கியெல்லாம் கால் வைக்க முடியாது.

— வீட்டுக்கு வர்ற வழியில அதைத்தான் யோசிச்சேன். அதாவது, ஒம்பது பிள்ளைங்க இருக்கிற இடத்துக்குப் போக இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு வாத்தியாருக்குத்தான் உரிமை. அவங்க இங்க பலகையில பின்னம் எழுதிக்கிட்டு நிக்கிறாங்க.

— தட்டை எடுங்க, அலிஸ்டர்.

— நீங்களே எடுங்க. சத்தமாப் படிங்க.

— "ஏப்ரல், மே: பறவை. தீவிலுள்ள ஒன்பது மாணவர் பத்தடிச் சதுரத்தில் எத்தனை பொந்துகள் உள்ளன என்று எண்ணுவர். பிடித்த குஞ்சுகளை நாள்தோறும் நிறுத்துக் குறிப்பர். புதன்கிழமைதோறும் வானொலிக் கருவியின் வழியே அவ்வெண்களைப் பள்ளிக்கு அறிவிப்பர்." இங்க இருக்கிற அஞ்சு பேரு?

— அடுத்த பத்தி.

— "பள்ளியிலுள்ள ஐவர் அவ்வெண்களைக் கொண்டு வரைபடம் வரைவர். பறவை வடக்கே ஜப்பானை ஒட்டிய கடல் வரை பறக்கும் வழியை உலக உருண்டையில் குறிப்பர். வானிலையைத் தீவினருக்குத் திரும்ப அறிவிப்பர்." அட. ஒருத்தரும் பின்தங்க மாட்டாங்களே.

— கீழயும் இருக்கு.

— "பொறுப்பாசிரியர், பள்ளி: அலிஸ்டர். ஐவரும் சிறுவர் வகுப்போடு அமர்வர். பொறுப்பாசிரியர், தீவு..."

— ஏன் நிறுத்திட்டீங்க?

— கமிட்டி என்ன சொல்லும்?

— டிசம்பர்லயே ஒத்துக்கிச்சு. ரவிரியும் அந்தக் கூட்டத்துல இருந்தார். தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். லீவு இல்ல, நைரி, வேலை. மதியத்துக்கு மேல உங்க நேரம் உங்களுது.

— படுபாவி. வரைபடம் போட்டுக் குடுடின்னு நேத்துக்கூட நடிச்சான்.

— இன்னொண்ணு எடுத்துக்குங்க. ஆறிடுச்சு.

— இது மட்டும் பேனாவுல இருக்கு, அலிஸ்டர். பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர், என் தொட்டி, எல்லாம் பென்சில். என் பேரு மட்டும் ஏன் மையில?

— நான் நடுவுல இருந்துதான் ஆரம்பிச்சேன், நைரி. அந்தப் பேரை எழுதின பிறகுதான் மிச்ச வருஷத்தைப் போட்டேன்.