வால்வு அறையில் இருவர்

மழைக்காலத்தில் எங்கள் மலையில் துணி காயாது சார். ஈரச் சட்டையையே போட்டுக்கொண்டு உடம்புச் சூட்டில் காயவிடுவேன். ரகுவீர் நாயக் வேலைக்கு வந்த பிறகுதான், வால்வு அறையில் எண்ணெய் மோட்டாருக்கு மேலே ஒரு கொடி கட்டினான். அந்த அனலில் துணி மொறுமொறுவென்று காய்ந்தது. அத்தனை வருஷம் எனக்கு அது தோன்றவே இல்லை. தனியாக இருப்பவனுக்கு ஈரச் சட்டை ஒரு விஷயமாகத் தெரிவதில்லை.

வால்வு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டீர்கள். எளிதுதான். அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து எங்கள் அறையில் இரும்புக் குழாய்க்குள் நுழைகிறது. ஆள் நிமிர்ந்து நடக்கிற அகலம். அறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு சரிவில் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. குழாய்க்குள் கனத்த இரும்புத் தட்டு ஒன்று; அதன் நடுவே குறுக்காக ஒரு தண்டு. தண்டின் வெளிமுனையில் பாரம் கட்டிய ஒரு கை. எண்ணெய் அழுத்தம் பாரத்தைத் தூக்கினால் தட்டு கால் வட்டம் திரும்பும், தண்ணீர் இருபுறமும் ஓடும். அழுத்தத்தை எடுத்தால் பாரம் தானே இறங்கித் தட்டை மூடிவிடும். விளிம்பில் ஒழுகாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். இதைத்தான் பட்டாம்பூச்சி வால்வு என்கிறார்கள். திறந்தாலும் அந்தத் தட்டு ஒதுங்கிப் போகாது. போகிற தண்ணீருக்கு நடுவிலேயே நிற்கும்.

ரகுவீர் பேசிக்கொண்டே இருப்பான். நான் புனர்புளிப் பழத்தில் வைக்கும் புளிப்புச் சாற்றைக் குடித்துவிட்டு, அவன் ஊர் வழக்கில், "என்ன மாராயா இது, புளியா வெந்நீரா? எங்க ஊரு கும்டாவுக்கு வாங்க திம்மப்பண்ணா, என் பெண்டாட்டி வைக்கிற மீன் குழம்பைத் தின்னு பாருங்க, அப்புறம் இந்த மலைப் பக்கமே திரும்ப மாட்டீங்க" என்பான். அவனுக்கு முன்னால் என்னைக் கேலி செய்ய ஆள் இருந்ததில்லை.

கோடையில் அவனுக்குக் கும்டாவுக்கே மாற்றல் கிடைத்தது. எனக்கு ஒன்றும் கோபமில்லை. அந்த வருஷச் சோதனைக்குக் குழாய்க்குள் இறங்கியபோது ரப்பர் வளையத்தில் கத்தியை வைத்தேன், அவ்வளவுதான். வால்வு ஒழுக ஆரம்பித்தது. ஒழுக்கைச் சரிசெய்யாமல் ரகுவீரை விட முடியாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். புது ரப்பர் வர நாளாயிற்று. ஒரு மழைக்காலம் முழுக்க அவன் என்னோடு இருந்தான். அதற்காக யாருக்கும் நஷ்டமில்லை.

மழை விட்டதும் வால்வை மூடி, அதற்குக் கீழே உள்ள குழாயை வடித்தோம். அவன் பழைய ரப்பரைப் பார்க்க உள்ளே போக வேண்டும். தட்டைச் சுற்றிப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் போகிறது. தட்டைத் திறப்பதற்கு முன் அதன் சக்கரத்தைத் திருகி மறுபக்கமும் தண்ணீர் நிரப்புவோம். இல்லாவிட்டால் ஒருபக்க அழுத்தத்தில் தட்டு திரும்பாது. ஆள் உள்ளே இருக்கும்போது அந்தச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை உள்ளே போகிறவனே வைத்துக்கொள்ள வேண்டும். ரகுவீர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். "இதுல ஓட்டை அண்ணா. நீங்களே வெச்சிருங்க." நான் கேட்கவில்லை. கையை நீட்டினேன், அவ்வளவே.

உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். பிறகு பாட்டு நின்றது.

"அண்ணா, இது தேஞ்சு போனதில்ல. கத்தி பட்டிருக்கு."

"அப்படியா?"

"நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு இங்க வந்தா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் பேசவில்லை. அவன் என்னிடம் பேசாமலிருந்தது அதுதான் முதல் தடவை சார். வெளியே வந்தாலும் பேச மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூட்டைத் திறந்தேன். சக்கரத்தை முழுக்கத் திருகவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் போதும் என்று நினைத்தேன். வழுக்கி விழுந்தால் கால் ஒடியும், படுக்க வேண்டி வரும், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். குழாய்க்குள் பாசி இருந்ததும், அதற்கப்பால் குழாய் கிணறு மாதிரி இறங்குவதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

"அண்ணா, தண்ணி வருது. சக்கரத்தைப் பாருங்க" என்றான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னொரு முறை "அண்ணா" என்றான். அந்தக் குரல் குழாய் வழியாகத் தூரமாய்ப் போய்க்கொண்டே இருந்தது.

சக்கரத்தை மூடினேன். மறுபடியும் பூட்டினேன். இரண்டு பேருக்கு வடித்த சோறு இருந்தது. என் பங்கைச் சாப்பிட்டேன். அவன் பங்கை மூடி வைத்துவிட்டுத்தான் கீழே போன் செய்தேன்.

அவன் மனைவி வந்தாள். என் காலில் விழுந்து, "கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். என்னைக் கூப்பிட்டான் என்றேன். அது பொய்யில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்குமூலத்தில் நான் அவனை அனுப்பிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் பெண்டாட்டி, இன்ஜினியர், கும்டா ஆபீஸ், எல்லாரும் அவனை அந்த மலையிலிருந்து கொண்டுபோகத்தான் பார்த்தார்கள். அவன் போகக் கூடாது என்று நினைத்தவன் நான் ஒருவன்தான் சார்.