ம் கொட்டியவள்

திருவண்ணாமலையிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பஸ். என் முன்சீட்டில் மலையூர்ப் பெண்கள் இருவர், தேன் விற்கும் கம்பெனி ஒன்று போட்ட வீடியோவை இளையவளின் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கதை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டினியே, அது எங்கடி?"

"இரைச்சலா இருக்குன்னு எடுத்துட்டாங்கக்கா."

"ம் கொட்ட ஆளில்லாம கதை சொன்னா நம்மூர்ல பைத்தியம்னு இல்ல சொல்வாங்க?"

"அதுக்குத்தான் சோகமா புல்லாங்குழல் போட்டிருக்காங்க."

"அது நரி ஏமாந்த கதைடி! நீ விழுந்து விழுந்து சிரிச்சியே!"

"அதையும் எடுத்துட்டாங்க."

"அடியில என்னமோ எழுதியிருக்கே?"

"'பழங்குடிக் கதைகளைக் காதுகொடுத்துக் கேட்கிறோம்'னு. தேன் ஆர்டர் பண்ண நம்பரும் இருக்கு."

மூத்தவள் போனைப் பார்த்து நிதானமாக "ம்" கொட்டினாள்.