நூறு மீட்டருக்கான தயாரிப்பு

ஈயக்குண்டுகளை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே சுடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அரிசியைக் களையாமல் உலையில் போடுகிற காரியம் அது. நான் முதலில் அவற்றை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துவேன். பிறகு நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, விளிம்பு நெளிந்ததையெல்லாம் தள்ளுவேன். ஐந்நூறில் நூற்றைம்பது தேறினால் பெரிது. மூன்று நாள் வேலை. என் வீட்டுக்காரி முருகேஸ்வரி, "பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இம்புட்டுப் பாத்திருக்க மாட்டீக" என்பாள். அது உண்மைதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்காமலே இதை எழுதித் தருகிறேன். என் பெயர் கருப்பணன், வயது அறுபத்தொன்று. வெம்பக்கோட்டைக்கு மேற்கே எங்களுக்குப் பதினெட்டு ஏக்கர் கரிசல் நிலம். ஆறு வருடத்துக்கு முன் அதில் ஒரு தரிசுத் துண்டை ஒதுக்கி, தகரக் கொட்டகை போட்டு, ஏர்கன் கிளப் ஒன்று ஆரம்பித்தேன். கொட்டகையில் வரிசையாக ஆறு மேசைகள். முன்பக்கம் முழுவதும் திறப்பு, தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அங்கிருந்து சரியாக நூறு மீட்டரில் கண்மாய்க் கரை. கரையடியில் குறி அட்டைகள். பின்பக்கம் ஒரே ஒரு கதவு.

ஏர்கன்னுக்கு நூறு மீட்டர் என்பது பேராசை. அரைக் கிராம் ஈயம், அதை நெட்டித்தள்ள வெறும் காற்று. போகிற வழியில் இன்னொரு காற்று வந்து அதை இழுக்கும். அந்த இரண்டாவது காற்றைப் படிக்கத் தெரிந்தவன்தான் சுடுகிறவன். நான் ஐந்து வருடமாகக் காலையும் மாலையும் எந்த மாதத்தில் எப்படி அடிக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வருடமும் கிளப்பில் நான்தான் முதல்.

ரோஜா போன தை மாதம் வந்தாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. அவள் புருஷன் முனியராஜுக்கும் அதே கம்பெனிதான். தீபாவளி சீசன் முடிந்து வேலை குறைந்தால் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுவான். அந்தக் கடைத் துப்பாக்கிகளின் இலட்சணம் உங்களுக்கே தெரியும். குறியை வேண்டுமென்றே கோணலாக வைத்திருப்பார்கள். அந்தக் கோணலில் பலூன் உடைத்துப் பழகியவள் இவள். கிளப்பின் செயலாளர் ஹரிபிரசாத், சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற பையன், இருக்கன்குடித் திருவிழாவில் அவள் சுடுவதைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டி வந்தான். சந்தா வேண்டாம், கிளப் துப்பாக்கியிலேயே சுடட்டும் என்றான். நான் மறுக்கவில்லை. அவளுடைய தாத்தா எங்கள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியவர். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் எந்த வருத்தமும் கிடையாது. அவள் வந்த மறுவாரம் கிளப்பில் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவிட்டு எல்லாருக்கும் காகிதக் கப் என்று மாற்றினேன். அது சுகாதாரத்துக்காக. யாரும் வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம்.

அவள் துப்பாக்கியைத் தொடுமுன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அப்படியும் அலுமினியத் தூளின் வெள்ளி மினுக்கு நக இடுக்கில் இருக்கும். குண்டுகளை நிறுக்க மாட்டாள். விரலில் உருட்டிப் பார்த்து இரண்டை ஒதுக்குவாள், அவ்வளவுதான். இருபது மீட்டருக்கு ஒன்றாக நான் நட்டு வைத்த காற்று நாடாக்களையும் பார்க்க மாட்டாள். ஒரு நாள் என்னிடமே சொன்னாள்: "ரெண்டு காத்து அடிக்குதுய்யா. இங்கன ஒண்ணு, கரைப்பக்கம் எதுத்தாப்புல ஒண்ணு. நடுவுல நிக்கிற நாடா சும்மா ஆடுது." ஐந்து வருடத்து நோட்டில் அது எங்கேயும் இல்லை. அன்று மாலை தனியாக உட்கார்ந்து சுட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

ஆடி மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். பொறாமை என்று எழுதினால் நீங்கள் சுலபமாகப் புரிந்துகொள்வீர்கள். ஆனால் அது சரியான சொல் இல்லை. ஒழுங்கு கெடுகிறது என்றுதான் எனக்குப் பட்டது. உழைத்து, நிறுத்து, எழுதி வைத்து வருவதை ஒருத்தி விரலில் உருட்டி வாங்கிக்கொண்டு போனால் பிறகு தராசு எதற்கு?

புரட்டாசியில் தேர்வுப் போட்டி. எங்கள் கிளப்பிலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒரே ஓர் ஆள்தான் போகலாம். அங்கே பேர் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம் என்று ஹரிபிரசாத் அவளிடம் சொல்லியிருந்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து ரூம்ப விட்டு வெளிய வந்துரணும்யா. எம்புள்ள பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் உசுரோட வீட்டுல இருக்கணும். எனக்கு வேற ஆசையில்ல" என்று என்னிடமே சொன்னாள். எனக்கும் ஆசை ஒன்றுதான். நானே போக வேண்டும்.

இனி என் தயாரிப்பைச் சொல்கிறேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு லோடு லாரியின் டயர் வெடித்தது. நாங்கள் தலையைத் திருப்பினோம், அவ்வளவுதான். ரோஜா இரண்டாம் மேசையில் இருந்தாள். துப்பாக்கியை விட்டுவிட்டு வெறுங்காலோடு முன்பக்கத் திறப்பு வழியாகப் பாய்ந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடினாள். கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று திரும்பி நின்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். "ரோஜாக்கா, ஓட்டப் பந்தயத்துக்குப் பேரு குடுத்திருக்கலாம்" என்றான் ஹரிபிரசாத். அவள் கூசிப்போய்த் திரும்பி வந்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தேன்.

"பழக்கதோசம்யா," என்றாள். "சத்தம் கேட்டா கிட்டத்துல எந்த வாசலோ அந்த வாசல்ல ஓடணும். எதையும் எடுக்கக் கூடாது. வெளிய போயிட்டுத் திரும்பி நின்னு தலையெ எண்ணணும், யாரு வரலேன்னு. எங்க அம்மா சோலையம்மா தூக்குவாளியெ எடுக்கப் போயித்தான் உள்ள மாட்டுச்சு. அதுலருந்து நான் யோசிக்கிறதே இல்ல. காலு தானா ஓடிரும்."

"கவலைப்படாதம்மா," என்றேன். "ஆனா போட்டியன்னைக்குக் கோட்டைத் தாண்டுனா ஆட்டத்துல இல்ல. அது சட்டம்."

"தெரியும்யா. மனசுல வச்சுக்கிடுதேன்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு அளவு நாடாவை எடுத்து அளந்தேன். கோட்டைத் தாண்டி அவள் காலடித் தடம் திரும்பியிருந்த இடம் வரைக்கும். பிறகு அங்கிருந்து ஆறாம் மேசைக்கு. பன்னிரண்டு மீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏன் ஆறாம் மேசைக்கு அளந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சும்மாதான் என்றிருப்பேன். எதையும் அளந்து வைப்பது என் சுபாவம்.

என் எண்ணம் அவளை ஆட்டத்திலிருந்து நீக்குவது மட்டும்தான். அதற்கு வேண்டியதைச் செய்தேன். கிணற்றுப் பாசன மக்காச்சோளத்தில் பன்றி இறங்குகிறது என்று வெடி போடுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். காவல்காரர் உக்கிரபாண்டியிடம், போட்டியன்று பதினொன்றே காலுக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய வெடியாகப் போடச் சொன்னேன். "பகல்ல எங்க மொதலாளி பன்னி வருது?" என்று கேட்டார். சொன்னதைச் செய் என்றேன். அவர் மேல் குற்றம் இல்லை. மேசைகளுக்கு வழக்கமாகச் சீட்டுக் குலுக்குவோம். அன்று நானே பிரித்துக் கொடுத்தேன். அவளுக்கு இரண்டு, எனக்கு ஆறு. புழுதி வருகிறது என்று பின்கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றுக்குக் கடைசிச் சுற்று தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து குண்டு, அரை மணி நேரம். ஹரிபிரசாத் நடுவர். அன்று காற்று மோசம், ஆனால் ரோஜா அதோடு பேசிக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பத்துக் குண்டு முடிந்தபோது என்னைவிட ஏழு புள்ளி முன்னால் இருந்தாள். பொழுதெல்லாம் மருந்து அடைக்கிற கை அத்தனை அசையாமல் இருந்ததைப் பார்க்க எனக்கே ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது.

பதினொன்றே காலுக்கு வெடி வெடித்தது. உக்கிரபாண்டி நேரம் தவறாத மனிதர்.

அவள் எழுந்தாள், ஓடினாள், கோட்டைத் தாண்டினாள். நான் நினைத்தது அந்தக் கணத்திலேயே முடிந்துவிட்டது. அவள் ஆட்டத்தில் இல்லை. ஹரிபிரசாத் "நிறுத்துங்க, யாரும் சுடாதீங்க" என்று கத்தினான். மற்றவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவள் திரும்பி நின்று எண்ணினாள். நாலு பேர் எழுந்து நின்றிருந்தார்கள். நான் மட்டும் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு தலை குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஐயா, வெளிய வாங்க. சீக்கிரம் வெளிய வந்துருங்கய்யா."

அப்போதுதான் என் துப்பாக்கி வெடித்தது.

பிறகு நடந்தது உங்கள் ஸ்டேஷன் பதிவில் இருக்கிறது. அவளை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வலது கண் போய்விட்டது. எதிர்பாராத விபத்து என்று எழுதி என்னிடமும் கையெழுத்து வாங்கினீர்கள். அவளும் ஆஸ்பத்திரியிலிருந்து, "ஐயா மேல தப்பில்ல, நாந்தான் கோட்டைத் தாண்டி ஓடுனேன்" என்று வாக்குமூலம் கொடுத்தாள். மாநிலப் போட்டி தை மாதம். இடம் எனக்குத்தான்.

இரண்டு வாரம் நிம்மதியாகத்தான் இருந்தேன். தூக்கமும் கெடவில்லை. போன வெள்ளிக்கிழமை முனியராஜ் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். முருகேஸ்வரி உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பணம் கேட்க வந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு.

"ரோஜா சொல்லிவிட்டுச்சு மொதலாளி. நீங்க சாப்பிடாம கெடக்கீகளோ என்னவோன்னு அதுக்குக் கவலை. வயசான கை, சத்தத்துல நடுங்கிருச்சு. யாருக்கும் வர்றதுதான். மனசுல வச்சுக்கிடாதீக."

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் போட்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஹரிபிரசாத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, நீங்க எப்பவும் எங்க தலைவர். ஆனா இனிமே சுட வேண்டாம். மாநிலப் போட்டிக்கு வேற ஆளை அனுப்பிக்கிடுதோம். கைநடுக்கம் ஒருத்தருக்கு வந்துட்டா அது போகாது." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நேற்றுக்கூட டீக்கடையில் ஒருவன் என் கையைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கிளாஸைக் கவனமாக மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மனசாட்சி உறுத்தியதால் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே இருக்கட்டும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பதிவு சரியாக இருக்க வேண்டும் அல்லவா. துப்பாக்கி மேலிருக்கிற குறி பார்க்கும் ஸ்கோப் நூறு மீட்டருக்கு வைத்தபடி இருந்தால் பன்னிரண்டு மீட்டரில் நிற்கிற ஆள் வெறும் கலங்கலாகத்தான் தெரிவாள். பதினொன்று பதிமூன்றுக்கே நான் அதைப் பன்னிரண்டுக்குத் திருப்பிவிட்டேன். துப்பாக்கி உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. திருகியைப் பாருங்கள், இன்னும் அந்த எண்ணில்தான் நிற்கும். ஹரிபிரசாத் நிறுத்தச் சொல்லி முடித்த பிறகு மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, அவள் 'வந்துருங்கய்யா' என்று முடிக்கும்வரை காத்திருந்தேன், பேசும்போது தலை அசைகிறது என்பதால். அவள் குறி பார்க்கிற கண் வலது கண். குண்டு வேறெங்கும் படவில்லை.

இதில் ஒரு நகலை ஹரிபிரசாத்துக்கு அனுப்பி, கிளப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள். என் கை நடுங்கவில்லை.