ஒரு கமா போடச் சொன்னேன்

செகந்திராபாத் பக்கம் போகும் காலை மெட்ரோ. மெட்டுகூடாவில் அக்காவும் தம்பியுமாக இருவர் ஏறினார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நான் எழுதாத புரோகிராமுக்கு நேத்து செம திட்டு வாங்கினேன்க்கா. நல்லா இருந்துச்சு.”

நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“கைக்குடா, எதுக்கு? யாரு திட்டினா?”

“பழைய புரோகிராம் ஃபைல் ஒண்ணுல ஒரே ஒரு கமா போடுன்னு ஏஐகிட்ட சொன்னேன். போட்டுச்சு. போட்ட கையோட, வரிக்கு முன்னாடி இருந்த ஸ்பேஸை எல்லாம் நேராக்கி, நீளமான வரியை எல்லாம் உடைச்சு அடுக்கிருச்சு.”

“நல்லதுதானே பண்ணிருக்கு?”

“ஒரு வரியை யாரு கடைசியா மாத்தினாங்களோ, அவங்க பேரைத்தான் எங்க சிஸ்டம் பக்கத்துல காட்டும். இப்போ ஃபைல் முழுக்க என் பேரு.”

“பாத்துட்டு அனுப்பக் கூடாதா?”

“பாத்தேனே. கமா இருந்துச்சு.”

செகந்திராபாத்தில் கூட்டம் ஏறியது. அக்கா பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டார்.

“நிஜமா அதை எழுதினது யாரு?”

“எங்க மேனேஜர்தான். நேத்து மீட்டிங்ல அவரே அதைத் திறந்து வச்சுட்டு, இவ்வளவு மட்டமா எழுதினது யாருன்னு கேட்டாரு. என் பேரைப் பாத்ததும் என்னைப் பிடிச்சுக்கிட்டாரு.”

“நீங்க எழுதினதுதான் சார்னு சொல்றதுக்கென்ன?”

“நக்கோக்கா, வேணாம். அந்த ஆபீஸ்ல நான் ஏதோ வேலை செஞ்சிருக்கேன்னு எல்லாரும் நம்பினதே நேத்துதான்.”