ரெண்டு அழுத்து

திருமங்கலம் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கபடி ஆட்டக்காரர்கள்.

“பொண்டாட்டி என் கையை ரெண்டு தடவை அழுத்துனா. நான் பாய்ஞ்சு மாமனார் காலைப் பிடிச்சுட்டேன் மாப்ள.”

“ஏன்டா?”

“நம்ம வேலுக்குக் காது கேக்காதுல்ல? கை கோத்து நிக்கையில ரெண்டு அழுத்து அழுத்துனா காலைப் பிடிக்கணும்னு அவன்தான பழக்குனான். அதுல இருந்து டீம்ல யாருமே கத்துறதில்ல. பாடி வர்றவனுக்கு ஒண்ணும் புரியாம மாட்டிக்கிறான்.”

“சரி, அவ எதுக்கு அழுத்துனா?”

“அழகர்கோவில் கூட்டத்துல, ‘அப்பா வாராரு, ஒதுங்கிப் போயிருவோம்’னு. ரெண்டு வருசமா அவரோட பேச்சே இல்லைல்ல?”

“அவரு என்ன செஞ்சாரு?”

“மன்னிப்புக் கேக்குறேன்னு நெனச்சு, அழுதுக்கிட்டே கட்டிப் பிடிச்சுட்டாரு.”

“அப்ப அவரு அவுட்டா?”

“நாந்தான் அவுட்டு. ஆடிக்கு விருந்துக்கு வாரேன்னு சொல்லிட்டேன்.”